பொய்ம்மொழியும் பள்ளியும்: குழந்தைகள் கற்பனைக் கதை எழுதக் கற்ற வரலாறு

முன்னுரை

தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்கு வகையாகப் பகுத்துக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, உண்மைப் பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழி. இதனை விளக்கும் பேராசிரியர், ஒரு யானையும் ஒரு குருவியும் தம்முள் நட்புக்கொண்டு, இன்ன இடத்திற்குச் சென்று, இன்னின்னவாறு செய்தன என்று தொடர்ந்து சொல்லப்படும் கதையைச் சான்றாகக் காட்டுகிறார். அத்தகைய கதைகள் ஒருவரிடம் ஒருவர் கற்று வழிவழியாக வருவன என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

இச்சிறு விளக்கத்துள் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, இயல்பில் சேராத இரண்டு சேர்த்து வைக்கப்படுகின்றன. இரண்டாவது, அவை ஓரிடத்தில் நில்லாமல் புறப்பட்டுச் சென்று செயல் புரிகின்றன. மூன்றாவது, இவ்வாறு புனையும் ஆற்றல் தானே முளைப்பதன்று. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது. இக்கால வழக்கில் கற்பனைச் சாகசக் கதை எனப்படுவதன் இலக்கணம் இவற்றுள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது எனலாம்.

வீட்டுத் திண்ணையிலும் களத்துமேட்டிலும் கற்கப்பட்ட இவ்வாற்றல் பள்ளிக்கூடத்தினுள் நுழைந்தபோது ஒரு பிளவு நேர்ந்தது. கதை, குழந்தை படிப்பதற்குரியதாயிற்று. எழுத்தோ, பார்த்தெழுதுவதற்கும் சொல்வதை எழுதுவதற்கும் உரியதாயிற்று. பசுவைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் பத்து வரி எழுதுமாறு பணிக்கப்பட்ட குழந்தை, யானையையும் குருவியையும் பயணம் அனுப்புமாறு பணிக்கப்படவில்லை. இப்பிளவை நீக்க முயன்றோரின் வரலாறு ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாக நீண்டு வருவது. அவ்வரலாற்றின் முதன்மையான நிலைகளை ஆராய்ந்து, இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரோதாரி வகுத்த முறையில் அவை எவ்வாறு ஒன்றுகூடின என்பதனையும், அம்முறை தமிழ் கற்பித்தலுக்கு எழுப்பும் வினாக்களையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்பனை என்பது கட்டற்றது, ஆகவே அதனைக் கற்பிக்க இயலாது என்பது பரவலாக நிலவும் எண்ணம். வரலாறு இதற்கு மாறான சான்றையே தருகிறது. குழந்தைகள் நன்கு எழுதிய இடங்களிலெல்லாம் அவர்கள் வெறுமனே விடுதலை பெற்றவர்களாக இல்லை. சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு துணை, எழுதியதைப் படிக்க ஒரு வாசகர், தொடங்குவதற்கு ஒரு வடிவம் ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கிடைத்திருந்தன. இவை மூன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் கண்டறியப்பட்டவை.

சுமையைப் பகிர்தல்: யாஸ்னயா போல்யானா

ருசிய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் 1859இல் தம் பண்ணையாகிய யாஸ்னயா போல்யானாவில் உழவர்தம் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியை நடத்தத் தொடங்கினார். அப்பள்ளியின் பெயராலேயே 1862இல் ஒரு கல்வி இதழையும் வெளியிட்டார். எழுதக் கற்பிக்க வேண்டியவர் யார், நாம் உழவர் குழந்தைகளுக்கா, அவர்கள் நமக்கா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட அவரது கட்டுரை அவ்விதழில் வெளிவந்தது.

அக்கட்டுரை கூறும் நிகழ்ச்சி வருமாறு. மாணவர்கள் கட்டுரைப் பயிற்சியை வெறுத்தனர். ஒருநாள் ஒரு பழமொழியை எடுத்துக்கொண்டு அதன்மேல் கதை எழுதலாம் என்று டால்ஸ்டாய் கூறினார். ஏழை ஒருவனைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட உழவன், பின்னர்த் தான் செய்த நன்மையையே சொல்லிக்காட்டுவதாக அமையலாம் என்று கருவையும் தந்தார். எவரும் முன்வராமற்போகவே தாமே எழுதத் தொடங்கினார். அவர் எழுதியதைத் தோளுக்குமேல் எட்டிப்பார்த்த மாணவர்கள் குறைகூறத் தொடங்கினர். பிறகு மாற்றம் சொன்னார்கள். முடிவில் இரண்டு சிறுவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதுபவராக மட்டும் அமைந்துவிட்டார். கதையில் ஓர் ஆடவன் பெண்ணுக்குரிய மென்மயிர் மேலாடையை அணிந்திருந்தான் என்று ஒரு சிறுவன் சேர்த்த நுணுக்கம், தேர்ந்த எழுத்தாளராகிய அவரையே வியக்கவைத்தது. கைப்படி பின்னர்ப் பிற மாணவரின் விளையாட்டுக்குக் காகிதமாகி அழிந்தது. அச்சிறுவர்களோ அவர் வீட்டில் ஓர் இரவு தங்கி அதனை மீண்டும் எழுதி முடித்தனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து டால்ஸ்டாய் பெற்ற கல்விக் கொள்கையே ஈண்டு முதன்மையானது. எழுதுதல் என்பது ஒரு செயலன்று. பல செயல்களின் தொகுதி என்பதை அவர் கண்டார். மனத்தில் எழும் பல எண்ணங்களுள் ஒன்றைத் தேர்தல், அதற்குரிய சொல்லைத் தேடல், முன் சொன்னதை நினைவில் வைத்தல், சொன்னதையே மீளச் சொல்லாமை, பின்வருவதோடு இணைத்தல், இவையெல்லாம் நடக்கும்போதே கையால் எழுதுதல் என அவை விரிகின்றன. குழந்தையால் இவற்றை ஒருங்கே சுமக்க இயலாது. ஆகவே முதலில் ஆசிரியர் சிலவற்றைத் தாம் ஏற்றுக்கொண்டு, பின்னர் ஒவ்வொன்றாகக் குழந்தையின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. எழுதியதைப் பார்வையிடும்போது கையெழுத்தின் தூய்மையையும் எழுத்துப்பிழையையும் முன்னிறுத்தலாகாது என்றும் அவர் வலியுறுத்தினார்.

யாஸ்னயா போல்யானாவில் எழுதப்பட்ட அக்கதை நடப்பியல் சார்ந்தது. மாயமோ சாகசமோ அதில் இல்லை. எனினும் குழந்தையைக் கதையின் ஆசிரியராக ஏற்ற முதன்மையான சான்றுகளுள் அது ஒன்றாதலின், இவ்வரலாறு அங்கிருந்து தொடங்குவது பொருந்தும். 1862இல் காவல்துறையினர் அப்பண்ணையைச் சோதனையிட்டனர். பள்ளியும் விரைவில் மூடப்பட்டது. கொள்கை எஞ்சியது.

வாசகரைத் தருதல்: ஃபிரெனேயின் அச்சுப்பொறி

டால்ஸ்டாயின் மாணவர்களுக்குப் புகழ்பெற்ற ஒருவரே வாசகராக வாய்த்தார். எல்லாப் பள்ளிக்கும் அவ்வாய்ப்பு இல்லை. பொதுவான பள்ளியில் குழந்தை எழுதுவதைப் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரும் பிழை காண்பதற்காகவே படிக்கிறார். இந்நிலையை மாற்றியவர் பிரான்சு நாட்டுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே.

1896இல் பிறந்த ஃபிரெனே, முதல் உலகப்போரில் நுரையீரலில் காயமுற்றவர். நெடுநேரம் உரத்துப் பேசிப் பாடம் நடத்துதல் அவருக்கு அரிதாயிற்று. பார்-சுர்-லூ என்னும் தென்பிரெஞ்சுச் சிற்றூரில் பணியாற்றியபோது, 1924இல் சிறியதொரு கை அச்சுப்பொறியை வகுப்பறையில் நிறுவினார். குழந்தைகள் தாம் விரும்பியதை எழுதினர். வகுப்பு கூடி ஒன்றைத் தேர்ந்து, சேர்ந்து திருத்திற்று. பின்னர்க் குழந்தைகளே எழுத்துகளைக் கோத்து அச்சிட்டனர். அச்சான தாள்கள் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன.

இம்முறையில் திருத்தம் கைவிடப்படவில்லை. அதன் காரணமே மாறியது. பிழை நீக்கப்பட்டது மதிப்பெண்ணுக்காக அன்று. முன்பின் அறியாத ஊரில் ஒரு குழந்தை அதனைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே. இலக்கணம் இங்ஙனம் வாசகர்பால் காட்டும் மரியாதையாயிற்று.

ஃபிரெனேயின் முறை இரண்டாம் உலகப்போருக்குப்பின் இத்தாலியில் வேரூன்றியது. 1951இல் தொடங்கப்பட்ட பள்ளி அச்சுக் கூட்டுறவு அமைப்பு, பின்னர்க் கல்விக் கூட்டுறவு இயக்கமாக வளர்ந்தது. அவ்வியக்கத்தைச் சேர்ந்த மாரியோ லோதி, கிரெமோனா மாவட்டத்துப் பியாதெனாவை அடுத்த வோ என்னும் சிற்றூரில் ஆசிரியராக இருந்தார். அவருடைய மாணவர்கள் வகுப்பறைச் சன்னல் வழியே கூரைகளையும் பறவைகளையும் நோக்கினர், பார்த்ததைப் பேசினர், பேச்சு கதையாயிற்று. சிப்பி என்னும் சிட்டுக்குருவியின் வாழ்வையும் இடர்களையும் கூறும் அந்நூல் 1961இல் வெளிவந்து, இத்தாலியக் குழந்தை இலக்கியத்தில் நிலைபெற்றது. கண்முன் நிற்கும் கூரையிலிருந்தே சாகசக் கதை புறப்பட இயலும் என்பதற்கு அது சான்று.

வடிவத்தைக் கண்டறிதல்: பிராப்பின் ஆய்வு

துணையும் வாசகரும் இருப்பினும், வெற்றுத்தாள் முன் அமர்ந்த குழந்தை எங்கே தொடங்குவது என்று திகைப்பது உண்டு. விரும்பியதை எழுதுக என்னும் கட்டளை பல குழந்தைகளுக்கு எதையும் எழுதாதே என்பதைப் போன்றே அமைந்துவிடுகிறது. இக்குறைக்கு மருந்து கல்வியாளரிடமிருந்து வரவில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளரிடமிருந்து வந்தது.

விளாதிமிர் பிராப் 1928இல் லெனின்கிராதில் வெளியிட்ட நாட்டார் கதையின் உருபனியல் என்னும் நூலில், அஃபனாசியெவ் தொகுத்த ருசிய மாயக் கதைகளுள் நூற்றை எடுத்து ஆராய்ந்தார். பாத்திரங்கள் மாறினும் செயல்கள் மாறுவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. கழுகு வீரனைச் சுமந்து செல்கிறது; மற்றொரு கதையில் குதிரை சுமக்கிறது; வேறொன்றில் படகு. சுமப்பது எதுவாயினும், வீரன் வேற்றிடம் சேர்தல் என்னும் செயற்கூறு ஒன்றே. வீட்டைவிட்டு ஒருவர் நீங்கல், விலக்கு விதித்தல், விலக்கை மீறல், தீங்கு நேர்தல், வீரன் புறப்படல், மாயப்பொருள் பெறுதல், பகைவனோடு பொருதல், மீளல் என இவ்வாறு 31 செயற்கூறுகளை அவர் வரிசைப்படுத்தினார். பாத்திரங்களை 7 வகையுள் அடக்கினார்.

பிராப் குழந்தைகளுக்காக எழுதவில்லை. கதை புனையக் கற்பிப்பதும் அவர் நோக்கமன்று. அவர் செய்தது மொழியியலார் ஒரு மொழியின் உருபன்களைப் பிரித்துக் காட்டுவதைப் போன்ற பணி. ஆயினும் பிரித்துக் காட்டப்பட்டதை மீண்டும் சேர்க்க இயலும். ஒரு மொழியின் இலக்கணம் தெரிந்தால் இதுவரை எவரும் சொல்லாத தொடரை அமைக்கலாம். கதையின் இலக்கணம் தெரிந்தால் இதுவரை எவரும் சொல்லாத கதையைப் புனையலாம். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1958இலும் இத்தாலிய மொழிபெயர்ப்பு 1966இலும் வெளிவந்தன. இத்தாலிய மொழிபெயர்ப்பு ரோதாரியின் கைக்கு எட்டியது.

ரோதாரியும் ரெஜ்ஜோ எமீலியாவும்

ஜான்னி ரோதாரி 1920இல் வட இத்தாலியில், ஓர்தா ஏரிக்கரையிலுள்ள ஒமேஞ்ஞா என்னும் ஊரில் ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், 1937-38 குளிர்காலத்தில், செருமனியிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பம் ஒன்றின் குழந்தைகளுக்கு இத்தாலி மொழி கற்பித்தார். அக்காலத்தில் செருமானியக் கவிஞர் நோவாலிசின் குறிப்புகளுள் ஒன்று அவர் கண்ணிற்பட்டது. அளவை நூல் இருப்பதுபோல் கற்பனை நூல் ஒன்றும் இருக்குமாயின் புனையும் கலை கைவந்துவிடும் என்பது அக்குறிப்பின் சாரம். கற்பனைக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்னும் அவ்வெண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

பின்னர்த் தொடக்கப் பள்ளிகளில் அவர் ஆசிரியரானார். தாம் நல்ல ஆசிரியராக இருந்திருக்க இயலாது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் குழந்தைகளுக்குக் கதை சொல்வதும், கதை பிறக்கும் வழிகளைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் அப்போதே தொடங்கிவிட்டன. போருக்குப்பின் இதழாளராகவும் குழந்தை எழுத்தாளராகவும் புகழ்பெற்றார். 1951இல் வெங்காயச் சிறுவன் சிப்போலீனோவின் கதையும், 1962இல் தொலைபேசிக் கதைகளும் வெளிவந்தன. 1970இல் குழந்தை இலக்கியத்திற்கான ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

குறிப்பேடு நூலாவதற்குக் காரணமான ஊர் ரெஜ்ஜோ எமீலியா. அங்கு 1963 முதல் நகராட்சியே மழலையர் பள்ளிகளை நடத்திவந்தது. லோரிஸ் மலகுட்சி அவற்றிற்கு வழிகாட்டியாக விளங்கினார். அந்நகராட்சியின் அழைப்பை ஏற்று 1972 மார்ச்சு 6 முதல் 10 வரை ஏறத்தாழ 50 ஆசிரியர்களிடையே ரோதாரி தம் முறைகளை விளக்கினார். அவ்வுரைகளின் விரிவே 1973இல் வெளிவந்த கற்பனையின் இலக்கணம் என்னும் நூல். அது ரெஜ்ஜோ எமீலியா நகருக்கே காணிக்கையாக்கப்பட்டது. பதினேழு வயதில் கொண்ட எண்ணம் நூலாக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின.

இருசொல் முறை

ரோதாரியின் முறைகளுள் அடிப்படையானது இருசொல் முறை. இரண்டு குழந்தைகள் ஒருவர் எழுதுவதை மற்றவர் காணாதவாறு கரும்பலகையின் இருபுறமும் ஒவ்வொரு சொல் எழுதுகின்றனர். ஒருபுறம் நாய்; மறுபுறம் அலமாரி. இரண்டும் தற்செயலாகச் சந்திக்கின்றன. குதிரையும் நாயும் என்றால் பயனில்லை. இரண்டும் ஓரினத்தவை, மனம் அவற்றைத் தடையின்றிக் கடந்துவிடும் என்பது அவர் கருத்து. சொற்களுக்கிடையே போதிய தொலைவு இருந்தால்தான் அதனைக் கடக்கக் கற்பனை விழித்தெழும்.

அடுத்து, இரு சொற்களையும் முன்னிடைச்சொற்களால் இணைக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் ஒரு கதைக்கு வாயிலாகிறது. தமிழில் இப்பணியை வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் செய்யும். நாயின் அலமாரி, அலமாரியொடு நாய், அலமாரிக்குள் நாய், நாய்க்காக ஓர் அலமாரி, அலமாரியிலிருந்து நாய் என்று உருபை மாற்ற மாற்ற நிகழ்ச்சி மாறுகிறது. அலமாரியொடு நாய் என்றால், நத்தை தன் ஓட்டைச் சுமப்பதுபோல் அலமாரியைச் சுமந்து திரியும் நாய் தோன்றுகிறது. அலமாரியிலிருந்து என்றால், உள்ளே என்ன நேர்ந்தது என்னும் வினா எழுகிறது. மனப்பாடமாக ஒப்புவிக்கப்படும் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்பவை ஒவ்வொன்றும் ஒரு கதைப்பொறி என்பதை இவ்வாறு கற்ற குழந்தை, வேற்றுமை என்றால் பொருள் வேறுபடுத்துவது என்பதையும் உடன் உணர்ந்துகொள்ளும்.

இவ்விடத்தில் பேராசிரியர் காட்டிய யானையையும் குருவியையும் மீண்டும் நோக்கலாம். இரண்டும் விலங்கும் பறவையுமாக உயிரினம் என்பதில் ஒத்தவை. ரோதாரியின் அளவுகோலில் தொலைவு சற்றுக் குறைவே. ஆனால் உருவத்தின் பேரளவும் சிற்றளவும் அத்தொலைவைத் தந்துவிடுகின்றன. நட்பு என்பது உருபின் பணியைச் செய்கிறது. உரையாசிரியர் விளக்கத்திற்கென எடுத்த சான்றும், இத்தாலிய ஆசிரியர் வகுப்பிற்கென வகுத்த முறையும் இவ்வாறு ஒன்றையொன்று நெருங்குகின்றன.

கற்பனையின் தருக்கம்

ரெஜ்ஜோ எமீலியாவின் தியானா மழலையர் பள்ளியில் ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று, தோழர் மூவரின் துணையோடு சொன்ன கதையை ரோதாரி தம் நூலில் ஆராய்கிறார். கொடுக்கப்பட்ட சொற்கள் விளக்கும் காலணியும். தந்தையின் காலணிகளை எப்போதும் போட்டுக்கொள்ளும் சிறுவன் ஒருவன். சலித்துப்போன தந்தை ஓரிரவு அவனை விளக்கில் மாட்டிவிடுகிறார். நள்ளிரவில் அவன் கீழே விழுகிறான், உடலெல்லாம் ஒளிர்கிறது. அவனை அணைக்கத் தந்தை படாதபாடு படுகிறார். தலையைத் திருப்பியும் காதை இழுத்தும் மூக்கையும் தொப்புளையும் அழுத்தியும் பார்க்கிறார், ஒளி அணையவில்லை. முடிவில் காலணிகளைக் கழற்றுகிறார், ஒளி அணைந்துவிடுகிறது.

இம்முடிவைக் கண்டவன் கதையைத் தொடங்கிய குழந்தையல்லன், மற்றொரு குழந்தை. அதனைக் கேட்டதும் குழந்தைகள் கைதட்டினர் என்று ரோதாரி குறிப்பிடுகிறார். கைதட்டியதன் காரணம் நோக்கத்தக்கது. பொய்யான உலகொன்றில் அவர்கள் உண்மையான விடையைக் கண்டுவிட்டனர். சிக்கல் காலணியில் தொடங்கியது. ஆகவே காலணியில்தான் முடிய வேண்டும். எது வேண்டுமாயினும் நிகழலாம் என்று தோன்றும் கதையில், ஒன்றே பொருந்தும் என்பதை ஐந்து வயதினர் அறிந்திருந்தனர். கற்பனை அறிவின் பகையன்று. அறிவின் ஒரு தொழிற்பாடே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. கற்பனை அனுபவத்திலிருந்தே பொருள்களை எடுத்துப் புதிதாகக் கட்டுகிறது என்று உருசிய உளவியலாளர் விகோத்ஸ்கி 1930இல் எழுதியதை ரோதாரி தம் துணையாகக் கொண்டார். காலணியும் விளக்கும் தந்தையின் சலிப்பும் அக்குழந்தையின் வீட்டில் இருந்தவையே.

நீண்ட சாகசக் கதைகளுக்கு ரோதாரி பிராப்பின் செயற்கூறுகளைப் பயன்படுத்தினார். 31 கூறுகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒரு சீட்டாக்கி, அச்சீட்டுகளை அடுக்கிக் குழந்தைகள் கதை சொல்லுமாறு செய்தனர். விலக்கு, மீறல், மாயப்பொருள், போர், மீட்சி என்னும் சீட்டுகள் வழித்தடத்தைத் தந்தன. வழியில் காண்பவை குழந்தையின் சொந்தப் பொருளாயின. சீட்டுகளைக் கலைத்து எடுப்பதும் தொடக்கத்தை முடிவாக்குவதும் விலக்கப்படவில்லை. வடிவம் கற்பிக்கப்பட்டது, பின்னர் அதனை மீறக் கற்பதற்காகவே.

பிழையைப் பற்றிய அவரது கருத்தும் மொழியாசிரியர் கருத்திற் கொள்ளத்தக்கது. கார்தா ஏரி என்று எழுத வேண்டிய இடத்தில், ஒரு மேற்கோட்குறி பிறழ்ந்தமையால் கார்தாவின் ஊசி என்று பொருள்படுமாறு எழுதப்பட்ட பிழையை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதனைச் சிவப்பு மையால் அடிக்கலாம். அல்லது அவ்வூசி எங்குள்ளது, யாருடையது என்று தேடிப் புறப்படலாம். தமிழ்க் குழந்தை பள்ளிக்கூடம் என்பதனைப் பல்லிக்கூடம் என்று எழுதுமாயின், லகர ளகர வேறுபாட்டை விளக்கும் முன், பல்லிகள் படிக்கும் அக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பவர் யார் என்று வினவலாம். அக்கதையை எழுதி முடித்த குழந்தை அவ்வெழுத்து வேறுபாட்டை மறப்பதரிது. ஓரெழுத்து ஓருலகையே மாற்றிவிடும் என்பதை அது கண்டுவிட்டது.

மறுப்பும் விடையும்

இம்முறைக்கு இருதிறத்து மறுப்புகள் உண்டு. வாய்பாட்டால் பிறக்கும் கதை ஒரே அச்சில் வார்த்ததாகிவிடும் என்பது ஒன்று. சீட்டுகளை வரிசை பிறழாமல் நிரப்பும் பயிற்சித்தாளாக அதனை மாற்றும்போது இம்மறுப்பு உண்மையாகிவிடுகிறது. முறை கருவியாக இருக்கும்வரை அச்சமில்லை. அது தேர்வாகும்போது பழைய கட்டுரைப் பயிற்சியே புதிய பெயரில் திரும்பி வருகிறது.

மற்றொன்று, எழுத்தறிவே நிரம்பாத குழந்தைக்குக் கற்பனை ஓர் ஆடம்பரம் என்பது. இதற்கு ரோதாரியின் நூலிலேயே விடை உள்ளது. எல்லாரும் கலைஞராக வேண்டும் என்பதற்காக அன்று, எவரும் அடிமையாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லின் எல்லாப் பயன்களும் எல்லாருக்கும் உரியனவாக வேண்டும் என்பது அவர் கொள்கை. பாசிச ஆட்சியில் பள்ளி கற்றுப் பள்ளி கற்பித்த ஒருவரின் கூற்று என்ற முறையில் இதனை நோக்க வேண்டும். இப்படி இருந்தால் என்ன நேரும் என்று கேட்கப் பழகிய குழந்தை, இருப்பது மட்டுமே இயலக்கூடியது என்று எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

இந்தியச் சூழலும் தமிழின் தனிச்சிக்கலும்

இந்தியாவில் இவ்வெண்ணத்திற்கு நிலம் பண்படாமல் இல்லை. குசராத்தில் கிஜுபாய் பதேகா 1920இல் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளியை நிறுவி, கதை சொல்லுதலைக் கல்வியின் வாயிலாக்கினார். 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய பகற்கனவு என்னும் நூலில் வரும் ஆசிரியர், பாடநூலை ஒதுக்கிவைத்துக் கதையோடு வகுப்பைத் தொடங்குகிறார். இரவீந்திரநாத் தாகூர் தம் பெயர்த்திக்காகப் புனைந்த அவன் என்னும் கற்பனை நூல் 1937இல் வெளிவந்தது. கதை, சொல்பவருக்கும் கேட்கும் குழந்தைக்கும் இடையே வளர்வதை அதில் காணலாம். போபாலிலிருந்து 1985 முதல் வெளிவரும் சக்மக் என்னும் இந்தி இதழ், குழந்தைகள் எழுதியவற்றிற்கும் வரைந்தவற்றிற்கும் தனிப்பக்கம் ஒதுக்கிற்று. தமிழில் 1950இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கமும் அழ. வள்ளியப்பா முதலியோரும் குழந்தைகளுக்கான எழுத்தை வளர்த்தனர். குழந்தைகளுக்காக எழுதுதலும் குழந்தைகள் எழுதுதலும் வேறு வேறு என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

ரோதாரியின் நூல் ஆங்கிலத்தில் 1996இல்தான் வெளிவந்தது. அயல்நாட்டுக் கல்விச் சிந்தனைகளை ஆங்கிலத்தின் வழியே பெற்றுவந்த இந்தியக் கல்வியுலகிற்கு அது காலந்தாழ்ந்தே எட்ட இயலும். எனினும் தமிழைப் பொறுத்தவரை காலத்தாழ்வினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவு.

தமிழ்க் குழந்தை கதையைப் பேச்சில் காண்கிறது. யானை வந்துச்சு, குருவி அதுமேல ஒக்காந்துச்சு என்று சொல்லும் குழந்தையிடம், வந்தது, உட்கார்ந்தது என்று எழுதுமாறு முதல் வரியிலேயே கூறினால், குருவி பறக்கும் முன்பே கதை நின்றுவிடும். கதையையும் தொடரையும் எழுத்துமொழியையும் ஒரே நேரத்தில் சுமக்குமாறு அக்குழந்தை பணிக்கப்படுகிறது. டால்ஸ்டாய் கூறிய சுமையோடு, அவர்தம் மாணவர் அறியாத மற்றொரு சுமையும் சேர்கிறது. வீட்டில் எழுத்துமொழியைக் கேட்டறியாத முதல் தலைமுறைக் குழந்தைக்கு இச்சுமை இன்னும் மிகுதி. தனக்குக் கதை வராது என்று அது முடிவு செய்துவிடுகிறது. வராதது கதையன்று, கதை எழுதப்பட வேண்டிய வழக்கு மட்டுமே.

இதற்கு வழி, மேற்கூறிய வரலாற்றிலேயே உள்ளது. முதற்கண், குழந்தை தன் வழக்கிற் சொல்ல, ஆசிரியர் சொன்னவாறே எழுத வேண்டும். பின்னர், வேற்றூர்க் குழந்தை ஒன்று இதனைப் படிக்கப்போகிறது என்னும் நிலையை உண்டாக்க வேண்டும். அப்போது எழுத்துவழக்கிற்கு மாற்றுதல் தண்டனையாகாது. நெல்லைக் குழந்தையின் கதையைத் தருமபுரிக் குழந்தை புரிந்துகொள்வதற்கு இடப்படும் பாலமாகும். உரையாடலில் பேச்சுவழக்கு நிற்கலாம், கூற்றில் எழுத்துவழக்கு வரலாம் என்னும் வேறுபாட்டையும் குழந்தை அவ்விடத்திலேயே கற்றுக்கொள்ள இயலும். புனைதலுக்கும் திருத்தத்திற்கும் காலத்தைப் பிரித்துத் தருவதே இதன் அடிப்படை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. குழந்தைகள் கற்பனைக் கதை எழுதக் கற்றது கட்டளையாலும் அன்று, வெறும் விடுதலையாலும் அன்று. எழுதும் சுமையைப் பகிரும் துணை யாஸ்னயா போல்யானாவிலும், படிக்கும் வாசகர் ஃபிரெனேயின் அச்சுப்பொறியிலும், தொடங்கும் வடிவம் பிராப்பின் ஆய்விலும் கிடைத்தன. இம்மூன்றையும் ரோதாரி வகுப்பறைக்குரிய எளிய விளையாட்டுகளாக்கினார். அவரது முறை பெரும்பாலும் மொழியின் உறுப்புகளையே கருவியாகக் கொண்டமையால், அதனை வேறொரு மொழிக்குப் பெயர்த்தால் மட்டும் போதாது; அம்மொழியின் உருபுகளையும் ஒலிகளையும் வழக்குகளையும் கொண்டு புதிதாக அமைக்க வேண்டும். தமிழில் அப்பணிக்கு வேற்றுமை உருபுகளும், எழுத்துப்பிழைகளும், இருவகை வழக்குகளும் இடந்தருகின்றன.

பொய்ம்மொழியை உரைநடையின் வகைகளுள் ஒன்றாகவே எண்ணி இடமளித்த மரபு தமிழ் மரபு. அது ஒருவரிடம் ஒருவர் கற்று வருவது என்பதனையும் அம்மரபு குறித்து வைத்துள்ளது. பாட்டியிடமிருந்து பேரனுக்கு அது செல்லும் வழி பல வீடுகளில் இன்று அடைபட்டுக் கிடக்கிறது. யானையையும் குருவியையும் அடுத்த பயணத்திற்கு அனுப்பும் பொறுப்பு இனிப் பெரிதும் தொடக்கப் பள்ளி ஆசிரியரையே சார்ந்ததாகும்.